தோட்டப் பொதுமக்களின் பறக்கும் தட்டு

அவன் பேரை எழுத மாட்டேன். பேர்கள்மேல் அவனுக்கு இருக்கிற ஆசைக்கு, தன் பேரையும் எங்காவது பதிவு பண்ணி வைத்திருப்பான். நான் எழுதினால் அதற்கும் ஒரு வக்கீல் கடிதம் வரும். வந்த ஒன்றே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

அந்தக் கடிதம் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தெமோதரைக்கு மேலே இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம். தபால் வந்தால் அதிபர் மேசையில் எல்லோரும் பார்க்கத்தான் கிடக்கும். கொழும்பு வக்கீல் ஒருவர் எழுதியிருந்தார். ‘பறக்கும் தட்டு’ என்பது தன் கட்சிக்காரரின் வியாபாரக் குறியாம். என்னுடைய சிறுவர் கதைப் புத்தகத்தின் தலைப்பில் அது இருக்கிறதாம். பதினான்கு நாளைக்குள் விற்பனையை நிறுத்தி, மிச்சப் பிரதிகளை அழித்து, இனிமேல் அந்தச் சொல்லைப் பாவிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

மிச்சப் பிரதிகள் என்றால் ஏறக்குறைய எல்லாப் பிரதிகளும்தான். பதுளையில் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்கு மேலேயும் கட்டுக்கட்டாக இருந்தன. ஆறு வருஷம் எழுதிய புத்தகம். ஒரு பறக்கும் தட்டு தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற நேரம் பார்த்து இறங்குகிறது. கங்காணி வேற்றுக்கிரக ஆட்களையும் வரிசையில் நிறுத்திப் பேர் போட்டு மலைக்கு அனுப்பிவிடுகிறார். எட்டுக் கை இருந்தும் அவர்களுக்குக் கொழுந்து எடுக்கத் தெரியவில்லை, அதனால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் கிடைக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் இதை வாசித்து உருண்டு சிரித்தார்கள். வேறு புத்தகம் எனக்கு இல்லை, இருக்கிறது இது ஒன்றுதான்.

கடிதத்தின் அடியில் கட்சிக்காரர் பேரைப் பார்த்தேன். அவன். மடுல்சீமைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் கூரைவரை போகாது. அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் இருமுவோம். என் அம்மா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த வருஷங்களில் எனக்கும் தங்கச்சிக்கும் சோறு போட்டவள் அவனுடைய அம்மா. அத்தை என்று கூப்பிடுவோம். ஒரே தட்டில் அவனும் நானும் பிசைந்து சாப்பிட்டிருக்கிறோம். அந்தப் பாவி எனக்கு வக்கீல் கடிதம் போட்டிருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது, நாக்குத்தான் நீளும். அதிபர் பக்கத்தில் இருந்ததால் நாக்கை மடித்து வைத்துக்கொண்டு, கடிதத்தையும் மடித்துக் கைப்பையில் வைத்தேன். பின்னேரம் பஸ்ஸில் பதுளை வரும்வரை மனசுக்குள் அவனை வைத்து வாங்கிக்கொண்டே வந்தேன்.

பதுளையில் அவன் இப்போது பெரிய ஆள். டியூஷன் வகுப்பு, சிறுவர் சஞ்சிகை, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் காட்டுகிற விஞ்ஞானக் கண்காட்சி. எல்லாவற்றுக்கும் ‘பறக்கும் தட்டு’ என்றுதான் பேர். பஸ் நிலையத்துக்கு எதிரே பெரிய போர்டு. எழுத்துக்குப் பக்கத்தில் சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஓர் எழுத்து. என் வகுப்புப் பிள்ளை ஒன்று, “டீச்சர், தட்டு பக்கத்துல ஏன் ஒரு குட்டித் தட்டு இருக்கு?” என்று ஒருமுறை கேட்டது. அப்போது எனக்கும் தெரியாது.

அவனுடைய துண்டுப் பிரசுரங்களில் ‘பதுளை நகரில் பிறந்து வளர்ந்த’ என்று போட்டிருக்கும். பேச்சையும் மாற்றிவிட்டான். டொக்டர்மாருடைய, அதிகாரிமாருடைய பிள்ளைகள் அவனிடம் படிக்க வருகிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்து ஆட்கள் என்றால் இவனும் ‘எங்கட’, ‘உங்கட’ என்பான். வந்தனான், போனனான் என்பான். கடைவீதியில் ஒருநாள் என்னைக் கண்டு, “எப்பிடி இருக்கிறியள் டீச்சர்?” என்று கேட்டான். ஒரு தட்டில் சாப்பிட்டவளுக்கு ‘றியள்’. அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இருந்தும் சிரித்துவிட்டுப் போனேன்.

பதுளையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் கடிதத்தைக் காட்டினேன். யாழ்ப்பாணத்தவர், அதிகம் பேசாதவர். அவர் கொழும்பில் விசாரித்துவிட்டு ஒரு வாரத்தில் கூப்பிட்டார். அவன் விண்ணப்பம்தான் போட்டிருக்கிறான், பதிவு இன்னும் கிடைக்கவில்லை. பதிவான குறி என்று காட்டுகிற அந்த வட்டத்தை முந்திப் போட்டதே பிழையாம். இதைவிட, ‘பறக்கும் தட்டு’ மட்டுமில்லையாம். ‘கால இயந்திரம்’, ‘வேற்றுக்கிரகவாசி’, ‘விண்கலம்’ என்று இன்னும் மூன்று சொல்லுக்கும் விண்ணப்பித்திருக்கிறானாம். சந்திரனை மட்டும்தான் மிச்சம் வைத்திருக்கிறான் என்று சொன்னேன். வக்கீல் சிரிக்கவில்லை. வெளிநாடுகளில் பெரிய கம்பனிகள் இப்படி எல்லோரும் எழுதுகிற சொற்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சின்னவர்களை மிரட்டுவதுண்டு என்றும், சின்னவர்கள் பெரும்பாலும் பயந்து தலைப்பை மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். நான் மாற்ற மாட்டேன், எதிர்ப்புப் போடுங்கள் என்றேன்.

எதிர்ப்புப் போட்டபிறகு அவன் தரப்பு ஆதாரங்களின் பிரதி வந்தது. அந்தச் சொல்லை இந்தத் தேயிலை மலைகளில் முதன்முதலில் பாவித்தவன் தானே என்று காட்ட, பழைய நோட்டிஸ் ஒன்றை இணைத்திருந்தான். மாரியம்மன் திருவிழா நோட்டிஸ். கரகம், காவடி, தேர் எல்லாவற்றுக்கும் கீழே ‘அறிவியல் நாடகம்: பறக்கும் தட்டு’ என்றிருந்தது. அதைப் பார்த்ததும் வக்கீல் அறையிலேயே விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த நாடகத்தை எழுதியவள் நான். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது பதினாறு வயசு. ஒரு கொப்பி முழுக்க எழுதினேன். ‘பறக்கும் தட்டு’ என்ற சொல் என்னுடையது என்று நானும் சொல்ல மாட்டேன், ஏதோ ஒரு பழைய சஞ்சிகைத் தாளில் பார்த்ததுதான். அவன்தான் வேற்றுக்கிரக ஆள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைச் சுற்றிக்கொண்டு மினுமினுத்தான். அந்தத் தட்டை, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் வேலை செய்தவர்கள் பழைய தகரத்தில் அடித்துக் கொடுத்தார்கள். பெரட்டுக் களத்துப் பக்கத்து மரக்கிளையில் கயிறு போட்டு, அவனை உள்ளே உட்காரவைத்து இறக்கினார்கள். பாதி தூரத்தில் கயிறு சிக்கிக்கொண்டது. தட்டு ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது. வேற்றுக்கிரக ஆள் “அம்மோவ், எறக்கச் சொல்லும்மா” என்று அழுகிறான். சனம் அதையும் கதை என்று நினைத்துக் கை தட்டியது. கடைசியில் மேல் லயத்து ஆம்பளைகள் தோளில் தோள் ஏறி அவனை இறக்கினார்கள். இன்றைக்கும் மடுல்சீமை பஸ் மேட்டில் நின்றுபோனால், “பறக்கும் தட்டு நின்னுருச்சு, எறங்குங்க” என்றுதான் எங்கள் தோட்டத்து ஆட்கள் சொல்வார்கள்.

நான் சிரித்தது அதற்காக இல்லை. எங்கள் தோட்டத்துத் திருவிழா நோட்டிஸில் யாருடைய பேரையும் போட மாட்டார்கள். நாங்கள் பிறப்பதற்கு முந்தி ஒரு வருஷம் பேர் போட்டு அடித்தார்களாம். மேல் லயத்துத் தலைவர் பேர் மேலே வந்துவிட்டதென்று கீழ் லயத்து ஆட்கள் கோபித்துக்கொண்டு, தேர் பாதி வழியில் நின்று, அடிதடியாகி, பொலிஸ் வந்து, பெரிய ரகளை. அதற்குப்பிறகு ஒரே முடிவு. எழுதினவர், ஆடினவர், தேர் கட்டினவர், பந்தம் பிடித்தவர் யாராக இருந்தாலும் நோட்டிஸின் அடியில் ஒரே வரிதான் வரும்: ‘இங்ஙனம், தோட்டப் பொதுமக்கள்’. பிறந்ததிலிருந்து பார்த்த வரி என்பதால் எங்கள் ஆட்கள் யாரும் அதை வாசிப்பதில்லை, கண் தானாகத் தாண்டிப் போய்விடும். அவனும் தாண்டிப் போய்விட்டான். பேச்சை மாற்றினான், ஊரை மாற்றினான், அந்தக் கண்ணை மட்டும் மாற்ற முடியவில்லை.

வக்கீல் அந்த வரியை இரண்டுமுறை வாசித்துவிட்டு, “இதுவே காணும். அவர் தந்த ஆதாரமே அவருக்கு எதிரா நிக்குது. சாட்சி ஒருத்தரும் தேவையில்லை” என்றார்.

நான் அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

அந்த நோட்டிஸ் அவனுக்கு எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அதன் ஒரு மூலையில் தாளிப்பு எண்ணெய் பட்ட கறை பிரதியில்கூடத் தெரிந்தது. அத்தை வீட்டு அடுப்படிச் சுவரில் அரிசிப் பசை தடவி ஒட்டியிருந்த நோட்டிஸ் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசறை வழியாகப் பஸ் பிடித்து மடுல்சீமைக்குப் போனேன். அத்தை வேலையிலிருந்து நின்று பல வருஷமாகிவிட்டது. அதே காம்பராவில் தனியாக இருக்கிறாள். எனக்குப் பால் போடாத சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள்.

“மூணு வருசத்துக்கப்புறம் வந்தான். கார வெளிய ஓடவிட்டுக்கிட்டே உள்ள வந்தான். செவுத்துல இருந்தத பிச்சு எடுத்துக்கிட்டு போயிட்டான். டீ போட்டேன், குடிக்கல.”

சுவரில் நோட்டிஸ் இருந்த இடம் மட்டும் புகை ஏறாமல் வெள்ளையாக இருந்தது. அந்தத் தாளை எதற்கு இத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள், அவன் பேர்கூட அதில் இல்லையே என்று கேட்டேன்.

“பேரு இல்லாட்டி என்ன. ஆடுனது அவன்தான்னு எனக்கு தெரியும்ல.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்தது ஆத்திரம். பேர் இல்லாத தாளை மகன் என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கிற தாயிடமிருந்து, தன் பேரைப் போட்டுக்கொள்ள அதைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறான். புத்தகம் தப்புவது மட்டும் எனக்குப் போதாமல் போனது அந்த நிமிஷத்தில்தான். பதுளை நகரில் பிறந்து வளர்ந்தவன், பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க என்ன சொல்கிறான் என்று எனக்குப் பார்க்க வேண்டும். கொழும்பில் விசாரணை இருக்கிறது, நீங்கள் ஒரு சாட்சியாக வந்தால்தான் என் புத்தகம் தப்பும் என்று அத்தையிடம் பொய் சொன்னேன். அத்தை யோசிக்கவே இல்லை. எனக்காக வருகிறேன் என்றாள்.

விசாரணைக்கு முதல்நாள் காலை ரயிலில் பதுளையிலிருந்து போனோம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் தங்கச்சி எடுத்திருந்த அறையில் தங்கினோம். மறுநாள் அத்தை தன் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். விசாரணை அறை சின்னது, பின்னால் இரண்டு வரிசை நாற்காலி. அவன் கோட் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் பின்னால் போய் உட்கார்ந்ததை அவன் கவனிக்கவில்லை.

அதிகாரி சிங்களம் பேசுகிறவர். நோட்டிஸ் தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்பாளர் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார். எங்கள் ஆட்கள் ஒருவரும் வாசிக்காத அந்தக் கடைசி வரியையும், சம்பளத்துக்கு வேலை செய்கிற மனுஷன், ஒழுங்காக வாசித்தார். இந்தத் தோட்டப் பொதுமக்கள் என்பவர்கள் யார் என்று அதிகாரி கேட்டார். அவனுடைய வக்கீல் அவனைப் பார்த்தார்.

தான் அவர்களுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தனான், அவர்கள் தங்கட பேரில் போட்டுக்கொண்டார்கள் என்றான் அவன். எழுதிக் கொடுத்தானாம். என் கொப்பி, என் எழுத்து. நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியானால் நீங்கள் அந்தத் தோட்டத்துக்காரர் இல்லையா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் அதிகாரி கேட்டார். இல்லை, தான் பதுளை டவுன் என்றான். அப்படியானால் வேறு ஆட்கள் அச்சடித்த இந்த நோட்டிஸ் இவ்வளவு காலத்துக்குப் பிறகு உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டார். அவன் பதில் யோசிக்கத் தலையைத் திருப்பினான். அப்போதுதான் அத்தையைக் கண்டான்.

அத்தை ஒன்றும் செய்யவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். ஆசை தீரப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தபோது வந்தது பழைய பேச்சு.

“அது எங்க வூட்டு செவுத்துல இருந்துச்சுங்க.”

யாருடைய வீடு என்று கேட்டார்கள்.

“எங்கம்மா வூடு. மடுல்சீமைல. நானும் அந்த தோட்டப் பொதுமக்கள்ல ஒருத்தன்தாங்க.”

அவனுடைய வக்கீல் பேனாவை மூடி வைத்தார். அதன்பிறகு பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. வெளியே நடைவழியில் அவன் அத்தைக்கு முன்னால் வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. அந்த நோட்டிஸைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று அத்தை கேட்டாள். ஃபைலில் வைத்துவிட்டார்கள், கிடைக்காது என்றான். அத்தை தலையை ஆட்டினாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வரும்போது இந்தப் பிள்ளையோடு வந்தேன், அதோடேயே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் அத்தை அதிகம் பேசவில்லை, களைப்பு என்று நினைத்தேன். பதுளையில் என் வீட்டில் படுத்து எழுந்து, அடுத்தநாள் காலை மடுல்சீமை பஸ் ஏறினோம். கடைசி மேட்டில் பஸ் நின்றுவிட்டது. பின்னால் யாரோ பறக்கும் தட்டு என்று ஆரம்பித்தார்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். நானும் சிரித்தேன். அத்தை இறங்கி, ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

“வக்கீலம்மா சாட்சி வேணாம்னுதான் சொன்னாங்களாமே. தங்கச்சிக்கிட்ட நீ சொல்லிச் சிரிச்சது கேட்டுச்சு.”

விசாரணைக்கு முதல்நாள் இரவு தங்கச்சி அறையில் நடந்த பேச்சு அது. அத்தை தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம். தெரிந்தும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

“அவன் அங்க என்ன சொல்லுவான்னு எனக்கும் தெரியணும்னு இருந்துச்சு. சொல்லிட்டான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அவன் செவுத்துல இருந்தத பிச்சுக்கிட்டு போனான். நீ என்னையே பிச்சுக்கிட்டு போயிட்ட. ஒன் புஸ்தகம் தப்பிச்சிருச்சுல்ல, சந்தோசம். இனிமே நம்ம வூட்டு பக்கம் வராத.”

எனக்கு நீளமான நாக்கு என்று சொன்னேனே, அன்றைக்கு அது எங்கே போனதென்று தெரியவில்லை. பஸ் மறுபடி கிளம்பியபோது அத்தை ஏறவில்லை. லயத்துக்குக் குறுக்குவழி இருக்கிறது, நடந்தே போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. அவனுடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மற்ற மூன்றையும் அவனே திருப்பி வாங்கிக்கொண்டான். பஸ் நிலையத்துக்கு எதிரே போர்டில் அந்தச் சின்ன வட்டத்துக்கு மேல் பெயின்ட் அடித்த அன்று, வேலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். எட்டாம் வகுப்புக்கு டொபி வாங்கிக் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை. என் புத்தகம் இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை. பூனாகலைவரை பள்ளிக்கூடங்களில் வாசிக்கிறார்கள். கால இயந்திரத்தை வைத்து அடுத்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வக்கீலிடமிருந்த நோட்டிஸ் பிரதியை நல்ல தாளில் அச்சடித்து, எங்கள் தோட்டத்திலிருந்து பதுளைக்கு வேலைக்கு வருகிற ஒரு பெண்ணிடம் அத்தைக்குக் கொடுத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் அது சுருட்டியபடியே திரும்பி வந்தது. வேண்டாமாம். மகன் கொழும்புக்கு எழுதிப்போட்டு அசலையே கேட்டு வாங்கிவிட்டானாம், அவனே வந்து பசை காய்ச்சி ஒட்டினானாம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம், காரைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வருகிறானாம். அவன் வந்தால் அத்தை கருவாட்டுக் குழம்பு வைக்கிறாளாம். அந்தப் பெண் நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. அவன் கெட்டுப் போக வேண்டும் என்றுதான் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு நான் வெளியே நிற்கிறேன். சுருட்டிய தாள் என் மேசையில் கிடக்கிறது, ஒட்டுவதற்கு எனக்கு ஒரு சுவர் இல்லை.